களம் கழுவும் மழை: துனிஸில் ஐந்து நாட்கள்

செப்டம்பர் 10

பெட்டி வரவில்லை. துனிசியாவின் தலைநகர் துனிஸின் விமான நிலையத்தில் சாமான்கள் சுற்றி வரும் பட்டை ஓய்ந்து, அந்தப் பக்கத்து விளக்கையும் அணைத்துவிட்டார்கள். நடுவில் விமானம் மாறிய ஊரிலேயே அது தங்கிவிட்டதாம். கவுண்டரில் இருந்த பெண் ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். நாளை வரும், இல்லையென்றால் நாளை மறுநாள். துணிமணி எல்லாம் அதற்குள்தான். அம்மா சுட்டு, தூக்குச்சட்டியில் அடைத்துக் கொடுத்த முறுக்கும் அதற்குள்தான். கையில் மிஞ்சியது பாஸ்போர்ட், மருந்து, ஒரு சால்வை.

மஞ்சள் டாக்சி. சாயங்காலம் ஆகியும் காற்றில் வெக்கை தணியவில்லை. பாப் ஜ்தீத் என்ற பழைய கோட்டை வாசலில் இறங்கியதும் ஓட்டுநர் "எட்டாயிரம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயண அலுப்பு வேறு. பர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவர் அதிலிருந்து பத்துத் தினார் தாள் ஒன்றை மட்டும் எடுத்து எனக்குக் காட்டினார். இரண்டு தினாரை நாணயமாக என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டுப் போனார். ஒரு தினாருக்கு ஆயிரம் மில்லிம். கடைத்தெருப் பேச்சில் இன்னும் ஆயிரக்கணக்கில்தான் சொல்கிறார்கள். எட்டாயிரம் என்றால் எட்டுத் தினார், நம் பணத்தில் சுமார் 220 ரூபாய். அவர் நினைத்திருந்தால் அந்த இரவில் என்னிடம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

தங்குமிடம் மதீனா என்னும் பழைய நகரத்துக்குள். வாடகைக்கு அறை விடும் வீட்டம்மாவின் பேத்தி வாசல் வரை வந்து அழைத்துப் போனாள். கல்லூரியில் படிக்கிறாள், ஆங்கிலம் தெரிந்தவள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். வெளியே வெறும் வெள்ளைச் சுவரும், ஆணிக் குமிழ்கள் பதித்த கதவும்தான் தெரிகின்றன. கதவைத் திறந்தால் நடுவே முற்றம், எலுமிச்சை மரம், நாலு பக்கமும் அறைகள். நம் முற்றத்து வீடு போலத்தான். முற்றத்துக்குக் கீழே மழைநீர் சேரும் தொட்டி, 'மாஜெல்' என்கிறார்கள்.

வீட்டம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். மக்காவுக்குப் போய் வந்தவர் என்பதால் ஹாஜ்ஜா என்று எல்லோரும் அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை 'பிந்தி' என்றார். என் மகளே என்று அர்த்தம். ஐம்பத்தொரு வயதில் அப்படி ஒரு குரல் கேட்டதும் பெட்டிக் கவலை பாதி போய்விட்டது.

படுக்கப் போகும்போது வாசல் கதவருகே ஆணியில் ஒரு பை தொங்குவதைக் கவனித்தேன். உள்ளே காய்ந்த ரொட்டித் துண்டுகள். குப்பையோடு ரொட்டியைச் சேர்க்க மாட்டார்களாம். தனியாகக் கட்டித் தொங்கவிட்டால், ஆடு வைத்திருப்பவர் யாராவது வந்து எடுத்துப் போவார்.

செப்டம்பர் 11

முதல் வேலை துணி வாங்குவது. பேத்தி என்னை ஹஃப்ஸியா பகுதிக்கு அழைத்துப் போனாள். ஐரோப்பாவிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளை மேசைகளில் கொட்டி விற்கிறார்கள், பெயர் 'ஃப்ரிப்'. வசதி உள்ளவர்களும் இல்லாதவர்களும் அதே குவியலில்தான் கைவிட்டுத் துழாவுகிறார்கள். இரண்டு பருத்திச் சட்டை, ஒரு நீளப் பாவாடை, ஒரு கால்சட்டை, எல்லாம் சேர்ந்து பதினெட்டுத் தினார். பழைய துணி வாங்கி உடுத்துவது எனக்குப் பழக்கமில்லை. துவைத்து முற்றத்து வெயிலில் போட்டேன், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

இந்த ஹஃப்ஸியா ஒரு காலத்தில் யூதர்கள் வாழ்ந்த குடியிருப்பு. இடிபாடாகக் கிடந்ததை மதீனாவின் அளவும் அமைப்பும் கெடாமல் திரும்பக் கட்டினார்கள். அதற்காக 1983இலும் 1995இலும் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. புதுக் கட்டடம் எது, பழையது எது என்று என் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அதுவே அந்த வேலையின் வெற்றி என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து ஜைத்தூனா பள்ளிவாசல். ஜைத்தூன் என்றால் ஆலிவ். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் ஜைத்தூன் எண்ணெய் என்பது இதையே. எட்டாம் நூற்றாண்டில் தொடங்கி ஒன்பதாம் நூற்றாண்டில் பெரிதாகக் கட்டிய பள்ளி. முஸ்லிம் அல்லாதவர்கள் தொழுகை மண்டபத்துக்குள் போகக்கூடாது. காலை வேளையில் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் நின்று பார்க்கலாம். நான் பார்த்தது தூண்களை. நூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள். ஒன்றின் தலைப்பு மற்றொன்றைப் போல் இல்லை. ஒன்றில் இலைக்கொத்து, அடுத்ததில் சுருள். கல்லின் நிறமும் ஒன்றில்லை. பக்கத்திலுள்ள பழைய நகரமான கார்த்தேஜின் ரோமானிய இடிபாடுகளிலிருந்து எடுத்து வந்தவை. உயரம் பொருந்தாத இடத்தில் அடியில் ஒரு கல்லைக் கொடுத்துச் சமன் செய்திருக்கிறார்கள். இருபத்தாறு வருடமாகப் பள்ளியில் வரலாற்றுப் பாடம் நடத்துகிறேன். 'கார்த்தேஜ் அழிந்தது' என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அழிந்த ஊரின் கல் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கூரை தாங்கி நிற்பதை இன்றுதான் கண்ணால் கண்டேன்.

பள்ளிவாசலை ஒட்டி அத்தர் கடைகள். மணமுள்ள தொழில்கள் பள்ளிக்குப் பக்கத்தில், நாற்றமும் சத்தமும் உள்ளவை தள்ளி. சூக்கு என்னும் கடைத்தெருக்களை அந்தக் காலத்தில் அப்படித்தான் வகுத்தார்கள். சற்று நடந்தால் 'ஷாஷியா' தொப்பிக்காரர்கள் தெரு. 1609இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் இங்கே வந்து வளர்த்த கைத்தொழில் இது. கம்பளி நூலில் பெண்கள் பெரிதாக, தொளதொளவென்று வெள்ளைத் தொப்பி பின்னுகிறார்கள். அதை வெந்நீரில் போட்டு மிதித்துச் சுருக்கினால் கெட்டிக் கம்பளித் துணியாகிப் பாதி அளவுக்கு வந்துவிடும். பிறகு சாயம். முட்செடியின் காய்ந்த தலையை வைத்துத்தான் மேற்பரப்பைச் சீவி மிருதுவாக்குகிறார்கள். கம்பித் தூரிகை கம்பளியை அறுத்துவிடும், முள் அறுக்காது என்று கடைக்காரப் பெரியவர் என் புறங்கையில் அந்த முள்ளை உரசிக் காட்டினார். முப்பது தினாருக்கு அம்மாவின் தம்பிக்கு ஒன்று வாங்கினேன். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. அத்தனை கை பட்ட பொருள் அது.

மதியம் லப்லாபி. இதைச் சொல்லாமல் துனிஸைச் சொல்ல முடியாது. சின்னக் கடை, உள்ளே எல்லோரும் ஆண்கள். நான் வாசலில் தயங்கியதைப் பார்த்து மூலையில் இருந்தவர் தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து இடம் கொடுத்தார். முதலில் ஒரு மண் கிண்ணமும் நேற்றைய ரொட்டியும் தருகிறார்கள். ரொட்டியை நாமேதான் பிய்த்துப் போட வேண்டும். நான் பிய்த்த துண்டுகளைப் பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, இன்னும் சிறிதாக என்று விரலால் காட்டினார். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் கொதிக்கும் கொண்டைக்கடலைச் சாறு, சீரகப் பொடி, பூண்டு, எலுமிச்சை, ஹரிஸா என்ற மிளகாய் விழுது, பாதி வெந்த முட்டை, மேலே தாராளமாக ஆலிவ் எண்ணெய். இரண்டு கரண்டி கொண்டு அடியிலிருந்து கிளறிச் சாப்பிடுகிறார்கள். இந்த ஊரில் சூரை மீன் சேராத பண்டம் குறைவு. முட்டை வரை எனக்குச் சம்மதம், மீன் ஆகாது. பேத்தி ஒரு தாளில் அரபியில் எழுதிக் கொடுத்திருந்தாள், அதைக் காட்டித் தப்பித்தேன். நாலரைத் தினார். இரவு வரை பசி எடுக்கவில்லை.

இரவில் ஹாஜ்ஜாவிடம் ரொட்டியைப் பற்றிக் கேட்டேன். 1984 தொடக்கத்தில் அரசு ரொட்டி விலையை ஒரேயடியாக இரட்டிப்புக்கும் மேல் ஏற்றியது. தெருவெல்லாம் கலவரம், பலர் உயிரிழந்தார்கள். ஜனவரி 6ஆம் தேதி ஜனாதிபதி ஹபீப் பூர்கீபாவே தொலைக்காட்சியில் தோன்றி விலை உயர்வைத் திரும்பப் பெற்றார். ஹாஜ்ஜா அப்போது கைக்குழந்தையோடு இந்தக் கதவைத் தாழிட்டு உள்ளே இருந்திருக்கிறார். பேத்தி மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அவர் பேச்சை நிறுத்தி மேசையில் சிந்திய ரொட்டித் துகளை விரல் நுனியால் ஒற்றி எடுத்தார்.

பெட்டி வரவில்லை.

செப்டம்பர் 12

இன்று அடித்தது பாலைவனக் காற்று. 'ஷ்ஹீலி' என்கிறார்கள். அடுப்புக்கு முன்னால் நிற்பது போல் முகம் காந்தியது. பார்தோ அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினேன். இங்கே மெட்ரோ என்பது தரைமேல் ஓடும் டிராம். நான்காம் தடத்தில் ஏற வேண்டியவள் தவறான வண்டியில் ஏறிவிட்டேன். கையில் காய்கறிப் பையோடு நின்ற ஓர் அம்மாள் என் டிக்கெட்டைப் பார்த்து, அடுத்த நிறுத்தத்தில் என்னோடு இறங்கி, எதிர்ப்பக்கத்து மேடைக்கு அழைத்துப் போய், சரியான வண்டி வரும் வரை அந்த அனல் காற்றில் கூடவே நின்றார். பொது மொழி எதுவும் எங்களுக்குள் இல்லை. 'அய்ஷெக்' என்றேன். நன்றி சொல்லும் சொல். நீ வாழ்க என்பது அதன் உட்பொருள். அவர் சிரித்துத் தன் பையிலிருந்து ஒரு பீச் பழம் எடுத்துக் கொடுத்தார்.

பார்தோ, 'பே' என்ற பட்டத்தோடு இங்கே ஆண்டவர்களின் பழைய அரண்மனை; 1888 முதல் அருங்காட்சியகம். 2015 மார்ச் 18 அன்று பயங்கரவாதிகள் இங்கே 22 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலோர் என்னைப் போல் பார்க்க வந்தவர்கள். நுழைவில் அவர்கள் நினைவுக்குப் பெயர்ப் பலகை இருக்கிறது. ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

உலகத்தில் ரோமானிய மொசைக் ஓவியங்களின் மிகப் பெரிய சேகரிப்புகளில் ஒன்று இது. எல்லாமே ஒரு காலத்தில் தரையாகக் கிடந்தவை. விரல் நகம் அளவுகூட இல்லாத வண்ணக் கற்கள். கவிஞர் வர்ஜில் மடியில் சுருளோடு உட்கார்ந்திருக்க, இரு பக்கமும் கலைத் தேவியர் இருவர் நிற்கும் மூன்றாம் நூற்றாண்டுப் படத்தின் முன் கூட்டம் இருந்தது. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. கார்த்தேஜில் கிடைத்த ஜூலியஸ் பிரபுவின் பண்ணை. நடுவே மாளிகை, சுற்றிலும் நான்கு பருவங்கள். ஒரு மூலையில் குளிர்காலம். மரத்திலிருந்து ஆலிவ் உதிர்க்கிறார்கள், ஒருவன் வாத்துகளைச் சுமந்து வருகிறான். பிரபுவையும் சீமாட்டியையும் விட அந்த வேலைக்காரர்களின் முதுகு வளைவை உயிரோடு செய்திருக்கிறான் கலைஞன். முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தேன். காலில் ரத்தம் கட்டிக்கொண்டது போல் வலி. திரும்பி வந்து, இரவுச் சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 13

கார்த்தேஜ். துனிஸிலிருந்து கடலோரமாக ரயில். 1872இல் தொடங்கிய தடம். பழைய பெட்டிகள். கதவு மூடாதபடி இளைஞர்கள் காலை நீட்டி அடைத்துக்கொண்டு, ஏரியின் காற்றை உள்ளே வாங்குகிறார்கள். டிக்கெட் ஒரு தினாரைத் தொடவில்லை. சலாம்போ, பிர்ஸா, ஹன்னிபால் என்று நிறுத்தங்களின் பெயர்கள் வர வர, எனக்கு வகுப்பறை நினைவு. சிறுமி ஒருத்தி ஹன்னிபால் நிறுத்தத்தில் புத்தகப் பையோடு இறங்கி ஓடினாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். இடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, வீடுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. வெயிலில் நடந்து நடந்து நாக்கு வறண்டது. 220 போர்க்கப்பல்கள் நிற்க இடமிருந்ததாகப் பழங்கால வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதிய வட்டத் துறைமுகம் இன்று அமைதியான குளம். ஒரு பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். கி.மு. 146இல் ரோமானியர் ஊரை எரித்துத் தரைமட்டமாக்கி உப்புத் தூவினார்கள் என்று நானே பாடம் சொல்லியிருக்கிறேன். உப்புக் கதைக்குப் பழைய நூல் எதிலும் ஆதாரமில்லை. பிற்காலத்தில் யாரோ சேர்த்தது. இந்த வருடம் முதல் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தோனைன் குளியல் மண்டபத்தில் இறங்கியதும் களைப்புத் தெரியவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம். 132 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயில் ஸக்வான் மலைத் தண்ணீர் இந்த நகரத்துக்கு வந்தது. இன்று நாம் நடப்பது மண்டபத்தின் அடித்தளத்தில் மட்டும், மேல்தளம் போய்விட்டது. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தில் ஒற்றைத் தூணைத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள், பின்னால் கடல். மேலே இருந்த மற்றவை எங்கே என்று ஒருவர் தன் மனைவியிடம் அங்கலாய்த்துக்கொண்டிருந்தார். ஜைத்தூனாவுக்குப் போய்ப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், மொழி இல்லை. பக்கத்திலேயே ஜனாதிபதி மாளிகை. என் கைபேசி அந்தப் பக்கம் திரும்பியதுமே காவலர் விரலை ஆட்டித் தடுத்தார். கடுமை இல்லாத தடுப்பு. கடல் பக்கம் திரும்பி எடு என்று அவரே நல்ல இடத்தையும் காட்டினார்.

மாலை, நீலக் கதவுகளும் வெள்ளைச் சுவர்களுமான சிதி பூ சயீத். அழகுதான், ஆனால் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் படம் எடுக்க வரிசை. பைன் கொட்டை மிதக்கும் புதினாத் தேநீருக்கு ஒன்பது தினார் வாங்கினார்கள். மதீனாவில் அது மூன்று. சூடாகப் பொரித்துச் சர்க்கரையில் புரட்டித் தரும் 'பம்பலூனி' மட்டும் கொடுத்த காசுக்கு இரட்டிப்பாகத் தகும். வடையைப் போல் நடுவில் ஓட்டை. விரல் சுடச்சுடத் தின்ன வேண்டும்.

அங்கேதான் பூக்காரர் வந்தார். தட்டு நிறைய 'மஷ்மூம்'. மொட்டுகளை ஒவ்வொன்றாகப் புல் ஈர்க்கில் கோத்து, நூலால் சுற்றிக் கட்டிய சின்னச் செண்டு. மொட்டு விரியுமுன் பறித்துக் கட்டினால்தான் இரவில் கையிலேயே மலரும். யாஸ்மீன் ஒரு தட்டு, 'ஃபல்' ஒரு தட்டு. ஃபல்லை மூக்கருகே கொண்டு போனதும் நின்றுவிட்டேன். எங்கள் மதுரை மல்லிகை! அதே குண்டு மொட்டு, அதே மணம். தாவரவியலிலும் இரண்டும் ஒரே இனம்தான். பூக்காரரே ஒன்றைக் காதுமடலுக்குப் பின்னால் செருகியிருந்தார். இங்கே ஆண்கள்தான் அப்படி வைக்கிறார்கள். நான் செண்டைப் பிரித்துச் சால்வை நூலில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காசு வாங்காமல் இன்னொரு செண்டு கொடுத்தார். ரயிலில் எதிரே இருந்த பாட்டி என் தலையைக் காட்டித் தன் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். இருவரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

செப்டம்பர் 14

விடியுமுன் இடி. முற்றத்தில் மழை கொட்டுகிறது. ஹாஜ்ஜா தலையில் ஒரு பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி, மாஜெலுக்குப் போகும் வாயை அடைத்திருந்த இலைகளை அள்ளிப் போட்டார். கோடை முடிந்து வரும் இந்த முதல் பெருமழைக்கு 'கஸ்ஸாலத் அன்னவாதிர்' என்று பெயர். தானியம் அடித்து முடித்த களத்தைக் கழுவும் மழை என்று பொருள் சொன்னாள் பேத்தி. களம் கழுவும் மழை! அறுவடையைப் பார்த்திராத நகரத்துப் பிள்ளைகள்கூட இதே பெயரைச் சொல்கிறார்கள். சந்துகளில் கணுக்கால் வரை தண்ணீர் ஓடியது. வரலாற்றாசிரியர் இப்ன் கல்தூன் 1332இல் இந்த ஊரில் பிறந்தவர். அவர் சிலையை இன்னொரு முறை பார்க்க நினைத்திருந்தேன். கிளம்பவில்லை.

அடுப்படியில் உட்கார்ந்தேன். நபிகள் பிறந்தநாளான மவ்லித் நெருங்குகிறது. அதற்கு 'அஸீதா ஸ்கூகூ' கிண்டுவது வழக்கம். பைன் மரத்தின் கறுப்பு விதைகளை அரைத்து, வடிகட்டி, மாவும் சர்க்கரையும் சேர்த்துக் கைவிடாமல் கிண்டுகிறார்கள். 1864இல் கிளர்ச்சியும் பஞ்சமும் வந்தபோது கோதுமை இல்லாமல் மலைநாட்டு மக்கள் இந்த விதையை அரைத்துக் குடித்ததில் தொடங்கியது என்பது ஹாஜ்ஜாவின் வீட்டில் சொல்லும் கதை. பஞ்சத்தில் தின்ற விதை இப்போது கிலோ கணக்கில் விலை ஏறிய பண்டம். நான் இன்று இரவு போகிறேன் என்பதற்காக அவர் நாள் வரும் முன்பே கிண்டினார். கறுத்த கூழ், மேலே வெள்ளைப் பால் ஏடு, அதன் மேல் பாதாம், பிஸ்தா, வண்ண மிட்டாய்களால் கோலம். மரத்தின் பிசின் மணம் நாக்கில் கடைசி வரை நிற்கிறது. கிண்ணம் கிண்ணமாக நிரப்பி அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினார். போன கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வராதாம். நம் வீட்டிலும் அப்படித்தான் என்றேன். பேத்தி அதை மொழிபெயர்த்ததும் ஹாஜ்ஜா என் கன்னத்தைத் தொட்டார்.

மூன்று மணிக்கு நனைந்த சட்டையோடு ஓர் இளைஞன் என் பெட்டியைக் கொண்டு வந்து வாசலில் வைத்தான். நான்கு நாள் கழித்து. கோபம் வரவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்தேன். அடியில் பாதி நொறுங்கியிருந்தது. முழு முறுக்குகளைப் பொறுக்கி, நான் சாப்பிட்ட அஸீதா கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, அதில் அடுக்கி அவரிடம் நீட்டினேன்.

ஹாஜ்ஜா ஒன்றை எடுத்து, சுற்றுகளை விரலால் தொடர்ந்து பார்த்து, கடித்தார். மென்றபடியே "கம்மூன்?" என்றார். சீரகமா என்று கேட்கிறார். ஆமாம், சீரகம். அவர் இன்னொன்று எடுத்துப் பேத்தியிடம் கொடுத்தார். டாக்சி வந்துவிட்டது என்று சந்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். நான் சால்வையைத் தேடிக்கொண்டிருந்தபோது, தூக்குச்சட்டியைக் கவிழ்த்துத் தட்டி அதன் தூளையெல்லாம் ஒரு தாளில் சேர்த்தார் ஹாஜ்ஜா. நான்காக மடித்துக் கொண்டுபோய், கதவருகே தொங்கிய ரொட்டிப் பையில் போட்டார்.